அண்ணாந்து பார்த்தவர்கள்

கைதட்டல் ஓர் இனிய நஞ்சு. அதனைப் பருகி மயங்கியவர் பலர். நாமும் ஒருநாள் மயங்கினோம்.

ஆண்டு 1968. நாகப்பட்டினத்தை அடுத்த நமது சிற்றூரில், படிப்பகத்தின் ஆண்டு விழா. தென்னங்கீற்றுப் பந்தல், இரவல் வாங்கிய ஒலிபெருக்கி, எதிரே முந்நூறு பேர். நமக்கு வயது இருபது. நாவிலே நெருப்பு, நெஞ்சிலே நிமிர்வு! நமக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘அறியாமை அகல்க’ என்பது. அறியாமைக்கு எடுத்துக்காட்டுத் தேட நாம் நெடுந்தொலைவு செல்லவில்லை. நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்தது.

“பினாங்கு நகரத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் பறந்து வந்தன. பதுங்குமிடம் தேடி ஓடினரா மக்கள்? இல்லை! வீட்டுக்குள் இருந்தவரும் வீதிக்கு வந்தனர்! குழந்தைகளைத் தோளிலே தூக்கிவைத்துக்கொண்டு, தேர் பார்ப்பதுபோல் பார்த்தனர்! கொக்குக் கூட்டம் போகிறது என்று விரல் நீட்டிக் காட்டினர்! குண்டு விழுந்தது! அறியாமை பெற்ற பரிசு அது!” என்று முழங்கினோம். பந்தல் அதிரக் கைதட்டினர்.

தட்டாத கைகள் இரண்டு இருந்தன. அவை நம் தந்தையாருடையவை.

அவர் பினாங்குத் துறைமுகத்தில் தொங்கான்களில் மூட்டை இறக்கிய தொழிலாளி. 1938-இல் கப்பலேறிச் சென்று, 1946-இல் திரும்பி வந்தவர். திரும்பி வந்தபோது அவருடைய இடக்காது கேட்கும் ஆற்றலை இழந்திருந்தது. அதனால் எக்கூட்டத்திலும் வலக்காதை மேடைப்பக்கம் திருப்பி, சற்றே சாய்ந்து அமர்வார். அன்றும் அப்படித்தான் அமர்ந்திருந்தார். நாம் எடுத்தாண்ட கதை அவர் சொன்ன கதை. திண்ணையில் அவர் துயரத்தோடு சொன்னதை, மேடையில் நாம் ஏளனத்தோடு சொன்னோம்.

இரவு, உணவு முடிந்தபின், அவர் நம்மை அழைத்தார்.

“நன்றாகத்தான் பேசினாய், தம்பி. அந்தத் தெருவிலே நானும் நின்றேன். குழந்தையைத் தோளிலே வைத்திருந்தவன் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன். அவன் மடையன் அல்லன். கூலிக் கணக்கிலே கங்காணி செய்த புரட்டைக் காசு காசாக எண்ணிக் காட்டியவன். வானத்திலே வருவது வெள்ளைக்காரன் விமானம் என்று எண்ணினோம். பலம் இருக்கிறது, அஞ்சாதே என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒளிந்துகொள் என்று எங்கள் தெருவிலே யாரும் சொல்லவில்லை; எங்கே ஒளிவது என்றும் காட்டவில்லை. வரப்போவது யார் என்று தெரிந்தவன் எங்கேயாவது ஒருவன் இருந்திருப்பான் அல்லவா? அவனைப்பற்றி நீ ஏன் பேசவில்லை?”

இவ்வளவுதான். சினமில்லை, சீற்றமில்லை. கேட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். நமக்கோ உறக்கமில்லை. மேடையிலே அறியாமையைச் சாடிய நமக்கு, அந்த ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை! அதைத் தேடி அறிய நமக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அறிந்ததை இன்று இங்கே வைக்கிறோம்.

*

பினாங்கு ஒரு சிறு தீவு. ஏறத்தாழ முந்நூறு சதுரக் கிலோமீட்டர்தான். 1786-இல் பிரான்சிஸ் லைட் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை அங்கே ஏற்றினார். பின்னர் சிங்கப்பூர், மலாக்காவோடு இணைந்து பிரிட்டிஷ் முடியின் நேரடிக் குடியேற்ற நாடாயிற்று. சீனர், மலாயர், தமிழர் எனப் பலரும் உழைத்து உண்டாக்கிய நகரம் அது. உழைத்தவர் பலர், ஆண்டவர் சிலர், காக்கும் பொறுப்போ ஆண்டவருடையது.

எதனைக் காக்கத் திட்டமிட்டனர்? சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தை! கோடிக்கணக்கான பவுனைக் கொட்டி, 1938-இல் அதனைத் திறந்தனர். அதனைக் காக்கப் பெரும் பீரங்கிகள் வேண்டுமா, விமானங்கள் வேண்டுமா என்று இலண்டனில் 1920-களிலேயே படைத்தலைவர்கள் வாதிட்டனர். பீரங்கி கடலைப் பார்க்கும். எதிரி வேறு வழியாக வந்தால்? இந்த ஐயம் எழாமல் இல்லை. 1937-இலேயே மலாயாப் படைத்தலைமையில் பணியாற்றிய பெர்சிவல் என்ற அதிகாரி, தாமே ஜப்பானியராயிருந்தால் எப்படித் தாக்குவோம் என்று எண்ணிப் பார்த்து, வடக்கே தரையிறங்கித் தெற்கு நோக்கி வருவதே எதிரிக்கு ஏற்ற வழி என்று எழுதினார். அதே பெர்சிவல்தான் 1942-இல் சிங்கப்பூரில் சரணடைவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நோயைக் கண்டறிந்தவரே அந்நோய்க்கு ஆளானார்!

1940 ஆகஸ்டில் இலண்டனின் படைத்தலைவர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். கப்பற்படையை அனுப்ப இயலாது. ஆகவே மலாயாவை விமானப்படையே காக்கவேண்டும். அதற்கு 336 விமானங்கள், 1941-இன் இறுதிக்குள் தரப்படும் என்றனர். களத்திலிருந்த தலைவர்களோ, போதாது, 582 வேண்டும் என்றனர். அந்த எண்ணிக்கை நியாயமானதே, ஆயினும் 336 இருந்தால் ஓரளவு காப்பு உண்டு என்று இலண்டன் விடை தந்தது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள், போர் வாயிலில் வந்து நின்றபோது மலாயாவில் ஆயத்தமாக இருந்தவை 158! கேட்டது 582, வாக்களித்தது 336, இருந்தது 158. வாக்களித்ததில் பாதிகூட இல்லை! அவற்றிலும் வில்டபீஸ்ட் என்ற பழைய இரட்டைச்சிறகு விமானங்கள் இருந்தன; பஃபலோ என்ற போர்விமானமோ ஜப்பானியரின் சீரோவுக்கு ஈடுகொடுக்க இயலாதது.

தோழர்களே, வான்காப்பு என்பது விமானங்களின் எண்ணிக்கை மட்டும் அன்று. அது ஓர் உடல் போன்றது. அதற்குக் கண் வேண்டும். தொலைவிலேயே எதிரியைக் காணும் ரேடாரும் காவலரும் அக்கண். நரம்பு வேண்டும், கண்டதை நொடியில் சொல்லும் தொலைபேசி அந்நரம்பு. கை வேண்டும், மேலெழுந்து மறிக்கும் விமானமும், விமான எதிர்ப்புப் பீரங்கியும் அக்கை. இவை தவறினும் உயிர் காக்கத் தோலும் வேண்டும். பதுங்குகுழியும் உறைவிடமும் அத்தோல்.

பினாங்கின் உடலைப் பாருங்கள். கண்? ரேடார் நிலையங்கள் சிங்கப்பூரைச் சுற்றியே அமைந்திருந்தன. பினாங்கோ அறுநூறு கிலோமீட்டருக்கு வடக்கே. நரம்பு? வடமலாயாவின் காவலர்கள் பொதுமக்கள் பேசும் சாதாரணத் தொலைபேசிக் கம்பிகளையே நம்பியிருந்தனர். கை? தீவில் விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுகூட இல்லை! கடலை நோக்கிய பீரங்கிகளோ பத்து மாவுங் குன்றின்மேல் கம்பீரமாக நின்றன. தோல்? நம் தந்தையார் வாழ்ந்த தெருவில் ஒரு குழியும் வெட்டப்படவில்லை.

திட்டம் தீட்டியோர் இவற்றை அறியாரா? அறிவர்! பீரங்கி இல்லை என்பதைப் பீரங்கி அனுப்பாதவன் அறியானா?

*

இனி, நம்மை நெடுநாள் உறங்கவிடாத செய்தி ஒன்றைக் கேளுங்கள்.

1940 ஆகஸ்டில் தீட்டப்பட்ட அந்த மந்தண அறிக்கை — சிங்கப்பூருக்குக் கப்பற்படை வாராது, விமானம் போதாது என்ற உண்மையெல்லாம் அடங்கிய அறிக்கை — தூரக்கிழக்குத் தலைமைத் தளபதி புரூக்-போபமுக்கு அனுப்பப்பட்டது. போர்க்கப்பலில் அன்று, ஆட்டோமெடான் என்ற வணிகக் கப்பலில்! அக்கப்பல் செல்லவேண்டிய அடுத்த துறைமுகம் எது தெரியுமா? பினாங்கு! நம் தந்தையார் மூட்டை இறக்கிய அதே துறைமுகம்!

1940 நவம்பர் 11-ஆம் நாள், சுமத்ராவுக்கு மேற்கே, வணிகக் கப்பலைப் போல் வேடமிட்டுத் திரிந்த அட்லாண்டிஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் அதனை மறித்துச் சுட்டது. மாலுமித் தலைவரும் மேற்றட்டில் இருந்த அதிகாரிகளும் மாண்டனர். தாள்களைக் கடலில் எறிய ஆள் இல்லாமற் போயிற்று. பை அப்படியே ஜெர்மானியர் கைக்குச் சென்றது; டிசம்பரில் டோக்கியோவில் ஜப்பானியரிடம் சேர்க்கப்பட்டது.

எண்ணிப் பாருங்கள்! பினாங்கைக் காக்கப் போதிய படையில்லை என்ற உண்மை இலண்டனுக்குத் தெரியும். பெர்லினுக்குத் தெரியும். டோக்கியோவுக்கும் தெரியும். ஓராண்டு முன்னரே தெரியும்! தெரியாதவர் யார்? பினாங்கில் வாழ்ந்தவர்! எதிரி அறிந்துகொண்ட உண்மையைக் குடிமகனிடம் மறைத்தது ஆட்சி. அதன்பெயர் மந்தணமா, மதியீனமா?

போர் மூண்ட அன்று தலைமைத் தளபதியின் ஆணையறிக்கை வெளிவந்தது. ஆயத்தமாக உள்ளோம், நம் காப்பு வலிமையானது என்னும் பொருள்பட அமைந்தது அது. பல மாதங்களுக்கு முன்னரே எழுதி வைக்கப்பட்ட அறிக்கை! அவ்வறிக்கை வெளியான நாளின் விடியலுக்கு முன்பே சிங்கப்பூரில் குண்டு விழுந்தது; தெருவிளக்குகள் எரிந்துகொண்டேயிருந்தன; 61 பேர் மாண்டனர். அன்று காலையில் வடமலாயாவில் 110 விமானங்கள் இருந்தன. மாலையில் பறக்கத்தக்கவை ஏறத்தாழ ஐம்பதே. 9-ஆம் நாள், பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் விமானத் தளம் தாக்கப்பட்டது. அங்கிருந்து ஸ்கார்ஃப் என்ற இளைஞர் ஒருவர் மட்டும் தம் விமானத்தை மேலெழுப்பித் தனியே சென்று எதிரியின் தளத்தைத் தாக்கி, காயமுற்றுத் திரும்பி மாண்டார். அவர் வீரத்தை நாம் குறைத்துப் பேசோம். ஒருவர் வீரம் ஒரு திட்டம் ஆகாதே என்பதே நம் கவலை. 10-ஆம் நாள், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் எனும் இரு பெரும் போர்க்கப்பல்கள், மேலே காக்க விமானமின்றி, குவாந்தான் கடலில் மூழ்கின.

11-ஆம் நாள், வியாழக்கிழமை, பினாங்கின் முறை வந்தது. வந்தவற்றை மறிக்க வானில் எவரும் இல்லை. சுட மண்ணில் பீரங்கி இல்லை. தாழப் பறந்து, சாவகாசமாகச் சுட்டனர். ‘அண்ணாந்து பார்த்தோம்’ என்று நம் தந்தையார் சொன்ன நாள் அதுவே. தோளிலே குழந்தையோடு நின்ற தோழனும் குழந்தையும் எழவில்லை. மடைக்குள் விழுந்த நம் தந்தையார் எழுந்தார். ஒரு காது மட்டும் எழவில்லை. பிணங்கள் நாட்கணக்கில் தெருவிலே கிடந்தன. 13-ஆம் நாள்தான் சில ஆஸ்திரேலியப் போர்விமானங்கள் வந்து எதிர்த்துப் போரிட்டன. அதற்குள் நகரின் உயிர்நாடி அறுந்துவிட்டது.

அதன்பின் நடந்தது குண்டைவிடக் கொடியது. டிசம்பர் 16-ஆம் நாள் இரவோடு, தீவிலிருந்த ஐரோப்பியர் ஏறத்தாழ அனைவரும் ஓசையின்றி வெளியேற்றப்பட்டனர். நகரத்து மக்களுக்கு ஒரு சொல் இல்லை, ஓர் அறிவிப்பு இல்லை. விடிந்து பார்த்தால் அரசாங்கமே இல்லை! எதிரிக்குப் பயன்படலாகாது என்று அழித்துச் செல்லவேண்டிய வானொலி நிலையம் அப்படியே கிடந்தது; துறையிலே படகுகள் அப்படியே கிடந்தன; இரண்டையும் ஜப்பானியர் பயன்படுத்திக்கொண்டனர். பின்னர், அமைச்சர் டஃப் கூப்பர் வானொலியிலே பேசுகையில், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர் என்று சொன்னார். மக்களில் பெரும்பாலோர்! சீனரும் மலாயரும் தமிழரும் அங்கேயே இருக்க, அவர் கணக்கில் மக்கள் என்போர் யார்? கூட்டல் கழித்தலில் வந்த பிழையா இது? யார் மனிதர் என்ற கணக்கிலேயே வந்த பிழை அல்லவா!

கைவிடப்பட்ட அந்நகரில் முன்வந்து நின்றவர் ஒரு தமிழர்: இலங்கையைச் சேர்ந்த மாணிக்கசோதி சரவணமுத்து, ‘ஸ்டிரெயிட்ஸ் எக்கோ’ நாளேட்டின் ஆசிரியர். மேலும் குண்டு விழாதிருக்க, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை அவர் இறக்கினார். வெள்ளைக் கொடியை ஏற்றினார். நகரம் எதிர்க்கவில்லை என்று வானொலி வழியே அறிவித்தார். பல இனத்தாரும் கூடி ஒரு குழு அமைத்து ஒழுங்கு காத்தனர். 19-ஆம் நாள் ஜப்பானியர் வந்தனர். பினாங்கின் கடைசி வான்காப்பு எது தெரியுமா, தோழர்களே? 336 விமானங்கள் அன்று. ஓர் இதழாசிரியர் ஏற்றிய வெள்ளைத்துணி! வந்த ஆட்சி விடுதலை தரவில்லை, அவரையே சிறையிலிட்டது. மலாயாவின் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரைச் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் சென்றது. ஓர் ஏகாதிபத்தியம் கைவிட்டது, மற்றோர் ஏகாதிபத்தியம் கடித்துக் குதறியது.

*

“பிரிட்டனே அப்போது எரிந்துகொண்டிருந்ததே! இலண்டன்மீதே குண்டு விழுந்ததே! இருந்த விமானத்தைத் தன் வீட்டைக் காக்க வைத்துக்கொண்டது குற்றமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடையளிப்போம். விமானம் பற்றாக்குறை என்பது உண்மை. பிரிட்டனும் மத்தியதரைக் கடலும் சோவியத் போர்முனையும் விமானம் கேட்டன என்பதும் உண்மை. இட்லரை எதிர்த்த போரில் எங்கே எதை வைப்பது என்று முடிவெடுத்தவர் நிலை எளிதன்று.

ஆனால், உண்மையைச் சொல்ல விமானம் வேண்டுமா? குழி வெட்ட எஃகாலை வேண்டுமா? மண்வெட்டி போதுமே! மூட்டை தூக்கிய கைகள் மண்ணை வெட்டாவா? “எங்களிடம் பீரங்கி இல்லை, ஓசை கேட்டால் வெளியே வராதீர், மடையிலே படுத்துவிடுங்கள்” என்று நான்கு மொழிகளிலே ஒரு துண்டறிக்கை அச்சிட என்ன செலவு? ஓர் அச்சுக்கூடத்தின் ஒருநாள் கூலி! அதைச் செய்யாதது வறுமையால் அன்று. சொன்னால் ஆட்சியின் மதிப்புக் குலையும் என்ற அச்சத்தால்! பெருமிதம் காக்கப்பட்டது, மக்கள் காக்கப்படவில்லை. அதனாற்றான் சொல்கிறோம்: வான்காப்பின் முதல் உறுப்பு விமானம் அன்று, உண்மை.

பின்னாளில் ஆளுநர் ஷெண்டன் தாமஸே, இனி வெளியேற்றத்தில் இனவேறுபாடு கூடாது என்று அறிவிக்க நேர்ந்தது. ஆனால் பினாங்கு போனபின் அல்லவா அறிவித்தார்! 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. காவலன் என்ற பெயரும் அன்றோடு வீழ்ந்தது. குடிமக்களின் நம்பிக்கையை இழந்த கொடி, 1945-இல் மீண்டும் ஏறியபோதும், பழைய உயரத்தை அடையவில்லை. 1957-இல் மலாயா விடுதலை பெற்றது.

*

1988-ஆம் ஆண்டு, ஆட்டோமெடான் கதையை நாம் ஓர் ஆங்கில நூலில் படித்தறிந்து, தந்தையாரின் வலக்காதருகே அமர்ந்து சொன்னோம். எந்தத் துறைக்கு வரவிருந்த கப்பல் என்று சொன்னபோது நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “வந்திருந்தால் அந்தப் பையையும் நாங்கள்தான் இறக்கியிருப்போம். அப்போதும் எங்களுக்குத் தெரிந்திருக்காது” என்றார். மூன்றாண்டு கழித்து மறைந்தார்.

அவர் இருந்தபோதே, அதே படிப்பகத்தில், அதே ஊராரின் முன்னே, “அன்று நாம் பேசியது பிழை, அறியாதவரை நகைத்தோம், அறிந்து மறைத்தவரை மறந்தோம்” என்று கூறினோம். அன்று கைதட்டல் இல்லை. தந்தையார் வலக்காதைத் திருப்பியபடி கேட்டுக்கொண்டிருந்தார். அது போதும்.

அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்துப் பத்து மாவுங் குன்றுக்குச் சென்றோம். அந்தப் பழைய பாசறை இன்று காட்சிக்கூடமாக இருக்கிறது. கடலைப் பார்த்துப் பீரங்கி நின்ற மேடையில் நின்று, நாமும் அண்ணாந்து பார்த்தோம். தெளிந்த வானம். ஒரு பயணிகள் விமானம் போயிற்று. அருகே நின்ற சிறுவன் கைநீட்டிச் சிரித்தான். வானத்தை நம்பிச் சிரிப்பது குழந்தையின் உரிமை. அந்த நம்பிக்கைக்கு உரியவராய் நடப்பது ஆள்வோரின் கடமை.

பகுத்தறிவு பேசும் இளைய தோழர்களே! ‘மக்கள் மடையர்’ என்று சொல்வது எளிது; கைதட்டலும் கிடைக்கும். ஆனால் திட்டம் தீட்டிய மேசையில் இருந்தோரும் அதையே எண்ணினர்; மக்களுக்குச் சொல்லி என்ன பயன், அவர்க்கு என்ன புரியும் என்று எண்ணினர். மேடையில் நின்று ஏளனம் செய்த நாமும் அந்த மேசையிலேயே ஒரு நாற்காலி போட்டு அமர்ந்திருந்தோம்! ஒருவர் அறியாதிருக்கக் கண்டால், நகைக்குமுன் கேளுங்கள்: இவருக்கு இதனைச் சொல்லவேண்டியவர் யார்? சொன்னாரா? சொல்லாதிருக்க அவருக்குக் கிடைத்த ஆதாயம் என்ன? இம்மூன்றையும் கேட்பவனே பகுத்தறிவாளன். கேளாதவன் வெறும் பேச்சாளன். நாம் இருபது வயதில் இருந்ததுபோல.